நடுச்சுவர்

மாலை ஏழு மணி. பாலம் தாண்டிப் போகிற சாலை. விளக்கும் கிடையாது, ஆளும் கிடையாது... அதில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார் என் நண்பனின் சித்தப்பா. கொத்தனார். பேய் என்றால் சிரிக்கிற ஆள். அன்று வரைக்கும்.

சாலைக் கடைசியில் ஒரு வீடு. அப்பா கண்ணை மூடியதும் அங்கே அண்ணனும் தம்பியும் கீரியும் பாம்பும் ஆனார்கள். கோர்ட்டுக்கு அலைந்து, ஆளுக்குப் பாதி என்று முடிவாகி, கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள். கட்டியது இவர்தான். ஒற்றைச் செங்கல் சுவர். நாலரை இஞ்சுக்கு மேல் ஒரு நூல் கிடையாது.

அவர்களுக்கு ஓர் அக்கா இருந்தாள். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு எல்லாம் அள்ளிக் கொட்டியவள். "உனக்கெதுக்குக்கா சொத்து, நாங்க இல்லையா?" என்று தேனொழுகப் பேசி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வாங்கிய கையோடு வாசலைக் காட்டினார்கள். எங்கோ வாடகை அறையில் ஒண்டியாகச் செத்துப்போனாள்.

சுவரில் ஏதோ கோளாறு என்று வரச்சொல்லியிருந்தார்கள். சித்தப்பா உள்ளே நுழைந்ததும் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"சுவரை என் பக்கம் தள்ளிக் கட்டிட்டீங்களா? கட்டில் கிடந்த இடத்துல இப்ப நாற்காலிகூட நிக்கல."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல். "என் பக்கந்தான்யா குறையுது. தெனமும்."

சித்தப்பா டேப்பை விரித்தார். இந்தப் பக்கம் குறைவு. சுற்றிப்போய் அந்தப் பக்கம் அளந்தார்... அங்கேயும் அதே குறைவு. வெளிச்சுவரை அளந்தார். அது அப்படியே இருந்தது. கூட்டிப் பார்த்தார். கூடத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.

தம்பியும் இந்தப் பக்கம் வந்து நின்றார்.

சுவருக்குள்ளிருந்து... சர்... சர்... தரை பெருக்குகிற சத்தம். நோயாளி அறையின் மருந்து வாடை.

"எலியா இருக்கும்," என்றார் அண்ணன்.

சித்தப்பா தரையோரமாக உளி வைத்து ஒரு செங்கல்லைப் பெயர்த்தார். கையை விட்டார். மணிக்கட்டு... முழங்கை... தோள் வரை போயிற்று. மறுபக்கம் தட்டவில்லை. துழாவினார். விரலில் ஒரு போர்வை பட்டது.

கதகதவென்று இருந்தது... இப்போதுதான் யாரோ விலக்கிவிட்டு எழுந்ததுபோல.