ஊமைப் பட்டியல்

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. காகிதம் ஒன்றை மடித்துக் கொடுத்தால் நானே முட்டுக் கொடுத்துக்கொள்வேன். உட்காரும் இடம் ஆடினால் எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது.

நீங்கள் விசாரணை அதிகாரி. உயிரியல் பள்ளியோடு போயிருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். புரதம் செய்வதற்கான குறிப்பு நம் செல்லின் உட்கருவில் இருக்கிறது. மூலப் பத்திரத்தைப் பெட்டகத்திலிருந்து வெளியே எடுக்கமாட்டார்கள் அல்லவா, அதுபோல வெளியே போவது நகல்தான். நகலில் வேண்டாத பகுதிகள் நிறைய. செல் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டும். ஒட்டியதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, மூன்றுக்கு ஓர் அமினோ அமிலம் என்று கோத்துக்கொண்டே போனால் புரதம். சில மூன்றெழுத்துகள் வேறுவேறாக இருந்தாலும் ஒரே அமிலத்தைத்தான் கேட்கும். ஆகவே ஓர் எழுத்து மாறியும் அமிலம் மாறாமல் இருக்கலாம். அதை ஊமை மாற்றம் என்போம்.

எங்கள் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். மாதிரிகள் வந்து குவிகிற வேகத்தில் அது ஆகிற காரியமில்லை. அதனால் ஊமை மாற்றங்களுக்கு ஒரு பட்டியல் வைத்தோம். அதில் ஏறிய மாற்றம் இரண்டாவது ஆளிடம் போகாது. கணினியே ‘தீங்கில்லை’ என்று ஒதுக்கிவிடும். பட்டியல் என் பொறுப்பு. ஒரு வரி ஏறுவதும் இறங்குவதும் என் கையில்தான். பதினெட்டு வருடத்தில் யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை, கேட்டால் எனக்குப் பிடிக்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

என் தங்கைக்கு முதலில் பெண் பிறந்தது. ஐந்தாம் நாள் ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருந்ததால் மருத்துவர் மரபணுவைப் பார்க்கச் சொன்னார். நொதியும் புரதம்தான். அந்தக் குறை பிறவி நோயால் வந்ததென்றால் மருந்து உண்டு, ஆனால் பிறந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். மரபணு அறிக்கை இல்லாமல் அதைத் தரமாட்டார்கள். நானே படித்தேன். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் ஒரே எழுத்து மாறியிருந்தது. அமிலம் மாறவில்லை. பட்டியலில் ஏற்றினேன். தீங்கில்லை என்று கையெழுத்துப் போட்டேன். குழந்தைக்குக் கடைசிவரை கழுத்து நிற்கவில்லை. பத்தாம் மாதம் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வந்து, தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

“நீ பாத்துட்டல்லக்கா, அது போதும். வேற யாராவது பாத்திருந்தா, எங்கயோ தப்பு நடந்துபோச்சுன்னு காலம் பூரா நெனச்சுக்கிட்டே கெடப்பேன்.”

அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. உறைபெட்டியில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த முறை மூலத்தை விட்டுவிட்டு, செல் எடுத்த நகலைப் பார்த்தேன். மாறிய எழுத்து, வெட்டி ஒட்டும் விளிம்பில் இருந்தது. விளிம்பு தெரியாமல் செல் தப்பாக வெட்டியிருக்கிறது. தேவையான துண்டு ஒன்று போய்விட்டது. அதற்குப் பிறகு படிப்பதெல்லாம் குளறுபடி, நடுவழியிலேயே ‘நிறுத்து’ வந்துவிடுகிறது. நொதி அரைகுறையாக நின்றுபோயிருக்கிறது. படிக்கிற மாணவர்களுக்கு நானே எச்சரித்துச் சொல்லும் பாடம் அது. குப்பியைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். பட்டியலில் அந்த வரியை அப்படியே விட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் பையன் பிறந்தான். ஐந்தாம் நாள் ரத்தம் வந்தது. அதே எழுத்து, இரண்டு பிரதியிலும். கணினி ஒதுக்கிவிட்டது. இவனுக்கும் நொதி குறைவு என்பதால் மருத்துவர் சந்தேகப்பட்டு எனக்கே ஃபோன் செய்தார். அறிக்கையில் இருப்பதுதான் என்றேன். பொய் சொல்லவில்லை, அறிக்கையில் அதுதான் இருந்தது.

நான் செய்ய வேண்டியது ஒரே ஒரு வரியை அழிப்பது. அழித்தால் பையனுக்கு மருந்து கிடைக்கும். கூடவே, மூத்தவள் ஏன் செத்தாள் என்பதும் தங்கைக்குத் தெரிந்துவிடும். பயமாக இருந்தது. தினமும் பட்டியலைத் திறப்பேன், அந்த வரியைப் பார்ப்பேன், மூடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பையனை மடியில் போட்டுக்கொள்வேன். என் விரலைப் பிடித்தால் விடமாட்டான். பெரியம்மா செல்லம் என்று வீட்டில் கேலி செய்தார்கள். ஆறு வாரம் முடிந்த மறுநாள் காலை நான் நன்றாகச் சாப்பிட்டேன். இனி முடிவெடுக்க எதுவும் இல்லை என்பது ஒரு விடுதலையாகத்தான் இருந்தது.

எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவரைப் பூதக்கண்ணாடி என்று கேலி செய்வோம். ஆறிப்போன விஷயங்களைக் கிளறுவதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம். பையன் நோயில் படுத்த பிறகு மருத்துவர் அவரிடம் ரத்தம் அனுப்பியிருக்கிறார். அவர் நகலைப் பார்த்துவிட்டார். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். அவர் எழுதியது அத்தனையும் சரி. தெரிந்தேதான் செய்தேன். பையன் போன மாதம் ஒன்பதாம் தேதி இறந்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். நான் ஊட்டினால்தான் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். நேற்று என் மடியில் படுத்துக்கொண்டு, “நீ மட்டும் இல்லன்னா நானும் போயிருப்பேன்க்கா” என்றாள். இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், அவளிடமிருந்து அவள் அக்காவையும் பறிக்க எனக்கு மனசு வரவில்லை.