பதினொரு தோல்விகளும் ஒரு விண்ணப்பமும்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் கண்ணுசாமி அவர்களே, ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் மேச்சேரிப் பெரியோர்களே, எனக்கு முன்னால் பேசியவர்கள் அரைமணி நேரம் எடுத்துக்கொண்ட பிறகும் எழுந்து போகாமல் இருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். அங்கே தூண் ஓரமாக ஏன் நிற்கிறீர்கள், அம்மா? முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள்.

கால்நடை மருத்துவர் கந்தப்பனுக்கு ஐந்தாண்டு ஆராய்ச்சி நிதி கிடைத்திருக்கிறது. மாலை போட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இந்த மாலை எப்படி வந்தது? அதைச் சொல்லவே எழுந்தேன். அதில் என் தவறு ஒன்று இருக்கிறது. நான் சொல்லாவிட்டால், அதோ உட்கார்ந்திருக்கிறாளே ஆட்டுக்காரப் பெருமாயி, அவள் சொல்லிவிடுவாள். சிரிக்கிறாள், பாருங்கள்.

மழை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் நம் செம்மறிகளுக்குத் தாடை வீங்குகிறது. உடல் வற்றுகிறது. ஒரு காலையில் எழுந்திருக்காமல் கிடக்கிறது. நோய் தரும் புழு குட்டையில் வாழும் நத்தைக்குள் வளர்கிறது என்பது படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எந்தக் குட்டை? எந்த மாதம்? எத்தனை மழைக்குப் பிறகு? இதைப் புத்தகம் சொல்லுமா? சென்னையில் இருக்கும் பெரிய அதிகாரி சொல்வாரா? மேச்சேரி மண்தான் சொல்ல வேண்டும், மேச்சேரி ஆடுதான் சொல்ல வேண்டும்.

அதைக் கேட்கப் பதினெட்டு ஆண்டுகளாகக் குட்டை குட்டையாக இறங்கியவர் கந்தப்பன். ஒருமுறை ஓராண்டு நிதி வாங்கினார், அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. மறுமுறை வாங்கினார், மழை பெய்தது. மார்ச்சு மாதம் நிதி தீர்ந்தது, நத்தை தீரவில்லை. ஐந்து மழைக்காலம் தொடர்ந்து பார்த்தால்தான் இதற்கு விடை உண்டு. அனுபவம் முதிர்ந்தவர்களுக்கென்றே அப்படி ஒரு நீண்டகால நிதியைச் சென்னைக் குழு அறிவித்தது. அவருக்கு வயது ஐம்பது. ஐம்பத்தைந்தில் ஓய்வு. இந்த ஆண்டு கிடைத்தால் உண்டு, தவறினால் என்றைக்கும் இல்லை.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஊரில் டைப் மெஷின் என்னிடம்தான் இருக்கிறது. கன்னியாஸ்திரிகளின் மடத்துப் பள்ளியில் படித்தபோது ஒரு கமா தவறினால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதியவள் நான். அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை. அவர் கொண்டுவந்த கையெழுத்துப் பிரதியைப் படித்தேன். 'இதுவரை செய்த பணி' என்ற இடத்தில் பதினொரு தோல்விகளை வரிசையாக எழுதியிருந்தார். முதல் தோல்வி இது: 'கிழக்குக் குட்டை பத்திரமானது என்று நான் சொன்னேன். அதை நம்பி மேய்த்த பெருமாயியின் பதினான்கு ஆடுகள் இறந்தன.'

"டாக்டர், இது விண்ணப்பமா, பாவமன்னிப்பா?" என்றேன்.

"நடந்தது அதுதானுங்களே, அம்மா," என்றார்.

"நடந்ததை எல்லாம் எழுதினால் யார் பணம் தருவார்கள்?"

 அதற்குமேல் அவரை நான் பேச விடவில்லை. பதினொன்றையும் கோடு போட்டு அடித்தேன். அழகான ஆங்கிலத்தில், குற்றமற்ற ஆங்கிலத்தில், கந்தப்பன் தொட்டதெல்லாம் துலங்கியது என்று டைப் அடித்து அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் குழுவின் கடிதம் வந்தது. இரண்டே வரி. 'எல்லாவற்றிலும் வெற்றி கண்டவருக்கு இன்னும் ஐந்தாண்டு எதற்கு? முப்பது நாளுக்குள் விளக்கம் தேவை.'

அன்று மாலை ஆட்டுக்காரரின் ஒப்புதல் தாளில் கைநாட்டு வைக்கப் பெருமாயி என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆராய்ச்சிக்காகக் குறியிட்ட ஆடுகளை ஐந்தாண்டு விற்பதில்லை என்பது ஒப்புதல். மேசைமேல் கடிதம். எதிரே தலைகுனிந்து கந்தப்பன். என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, கெழக்குக் குட்டையில எம்பட ஆடு செத்ததைய எழுதலீங்களா?"

"எழுதவில்லை."

"அப்போ அந்தப் பதினாலும் சும்மாவா செத்துச்சுங்க?"

  கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன்: "பதினான்கு ஆட்டைப் பறிகொடுத்தவள் நீ. அவரை நம்பி மறுபடியும் எப்படி ஆட்டைத் தருகிறாய்?"

"தப்பு எம்மேலதான் பெருமாயின்னு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு சொன்னாருங்க. அதுக்கு முன்ன எந்த ஆபீசர் சாமி அப்படிச் சொல்லியிருக்காரு? அதுனாலதாங்க தாரேன். ஆனா ஒண்ணு, அஞ்சு வருசத்துல கெடாயெல்லாம் கெழடாயிரும். அப்புறம் அந்தக் கறியைய டாக்டருதான் மெல்லோணும்."

கந்தப்பன் அன்றைக்குத்தான் சிரித்தார்.

பதினொரு தோல்விகளையும் மீண்டும் டைப் அடித்தேன். எந்தக் குட்டை, எந்த மாதம், எத்தனை ஆடு, எதை நம்பினார், எங்கே பிசகினார். ஒரு சொல்லையும் நான் அலங்கரிக்கவில்லை. டைப் அடித்து முடித்துப் படித்தபோதுதான் எனக்கே விளங்கியது. ஒவ்வொரு தோல்வியும் ஒரு குட்டையைக் கழித்திருக்கிறது, ஒரு மாதத்தைக் கழித்திருக்கிறது, ஒரு பொய்யைக் கழித்திருக்கிறது. அனுபவம் என்பது இதுவன்றி வேறு என்ன? வயதா? பட்டமா? சட்டைப்பையில் குத்திய பதக்கமா?

அதையே விளக்கமாக அனுப்பினோம். நிதி தரும் உத்தரவு இருபதாம் நாள் வந்தது.

கண்ணுசாமி அவர்கள் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன், ஐயா.

ஆடு வைத்திருக்கும் பெரியோர்களே, நிதி சென்னை தந்தது. ஆட்டை நீங்கள்தான் தர வேண்டும். பட்டிக்கு நான்கு ஆடாவது கந்தப்பனின் குறிக்கு விடுங்கள். சந்தையில் நல்ல விலை வருகிறதென்று நடுவில் ஓட்டிப் போய்விடாதீர்கள். பெருமாயியால் முடிந்தது உங்களால் முடியாதா?

டாக்டர், உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பட்டியலில் பன்னிரண்டு என்று எண் போட்டு, எதிரே இடம் விட்டிருக்கிறேன். ஐந்து மழை கழித்து அங்கே வெற்றி வரலாம், இன்னொரு தோல்வியும் வரலாம். எது வந்தாலும் என்னிடம் கொண்டுவாருங்கள். நான் உயிரோடு இருந்தால் அப்படியே டைப் அடிப்பேன். ஒரு வரியையும் கோடு போட்டு அடிக்கமாட்டேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், என்னைத் திருத்திய பெருமாயிக்கும் நன்றி கூறி, உங்கள் பட்டிகள் பெருகட்டும் என்று வணங்கி அமர்கிறேன்.