நான்கு பூட்டுகளும் போடப்பட்டிருந்தன

“நாலு லாக்கையும் போடுங்க அண்ணே.”

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எந்த டிரைவரிடமும் சொல்லிவிடக் கூடாது என்று, யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் ஜீவானந்தம் சொல்லிவிட்டார். கழிவறை எங்கே இருக்கிறது என்று சொன்னது மூன்றாம் நாள்தான்.

எங்கள் யார்டு ஒரகடத்தில் இருக்கிறது. கன்டெய்னர்களும் டிரெய்லர்களும் வந்து நின்று போகிற இடம். வாசலில் ஒரு தகரக் கூண்டு. எந்தச் சரக்குக்கு எந்த வண்டி என்று எழுதுவதும், வெளியே போகிற வண்டிக்குக் கேட் பாஸ் போடுவதும் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறவளின் வேலை. அதாவது என் வேலை. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். வடக்குப்பட்டில் எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். முதல் பட்டதாரி என்று முத்திரை குத்தின சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. நாலு வருஷம் படித்தேன். நாலு லாக்கும் போட்டாயிற்று என்று பாஸில் நாலு கட்டத்தில் டிக் அடிக்கிறேன். வருஷத்துக்கு ஒரு கட்டம்.

இந்தச் சாலையில் நீங்கள் போயிருந்தால் டிரெய்லர்களைத் திட்டியிருப்பீர்கள். எந்த வகையைத் திட்டினோம் என்று தெரிந்திருக்காது. தட்டு டிரெய்லர் என்பது சக்கரம் வைத்த மேடை. இரும்புச் சுருளுக்கும் குழாய்க்கும். கார் கேரியர் இரண்டு மாடிக் கூண்டு. புதுக் கார்கள் தாமாக ஓடாமலே அதில் ஏறி ஊரைச் சுற்றிப் பார்க்கும். என் அப்பா வைத்திருப்பது டிராக்டர் டிரெய்லர். விவசாயத்துக்கு என்று பதிவு செய்தது, இதுநாள்வரை எம்-சாண்டைத் தவிர எதையும் சுமந்ததில்லை. லோ-பெட் தரையோடு படுத்திருக்கும். உயரமும் கனமும் சேர்ந்த இயந்திரம் எதுவானாலும் அதில்தான் ஏற்ற வேண்டும். பாரம் தாழ்ந்திருந்தால் வண்டி லேசில் சாயாது. கடைசியாக ஸ்கெலிட்டன். பெயருக்கேற்ற எலும்புக்கூடு. தளமே கிடையாது, இரண்டு நீளச் சட்டம், சக்கரம், நான்கு மூலையிலும் நான்கு பூட்டு. மேலே கன்டெய்னரை வைத்துப் பூட்டைத் திருகினால் பெட்டியும் வண்டியும் ஒரே உடம்பு. திருகாவிட்டால் பெட்டி தன் கனத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

யாரும் திருகுவதில்லை.

“இன்னாமா நீ, காலேஜ்ல சொல்லிக் குட்த்தாங்கன்னு லாக்கு கீக்குன்னு கேட்டுகினு நிக்காத,” என்றார் ஜீவானந்தம். “பூட்டிகினு போனா, பொட்டி சாயறப்ப வண்டியையும் இஸ்துகினு சாயும். டிரைவர் காலி. பூட்டலன்னா பொட்டி மட்டும் வுயுந்துடும், அவன் தப்பிச்சிப்பான். நீ கேட்டன்னு வெச்சிக்க, நாளைக்கே பக்கத்து யார்டுக்குப் போயிடுவான். டிக்க மட்டும் அடி.”

பெட்டி மட்டும் விழும் என்றார். எங்கே விழும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கூண்டுக்கு வெளியே ‘உன் குடும்பம் உனக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு போர்டு இருக்கிறது. பாதுகாப்பு வாரத்தில் அதன் முன்னால் நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். லட்டு கொடுத்தார்கள்.

சந்தனமாரி எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தவள். சங்கரன்கோவில் பக்கம். செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் லைன் வேலை. ஷிப்டு முடித்து வந்ததும் மாடிக்குப் போகாமல் எங்கள் அடுக்களையில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

“ஏட்டி இன்ஜினியரு, இன்னைக்கு எத்தன டிக்கு அடிச்ச?”

“நூத்தி அறுவது.”

“நான் ரெண்டாயிரம் ஸ்குரு மாட்டுனேன். ரெண்டு பேரும் சேந்தா நாட்டையே தூக்கி நிறுத்திரலாம் போலயே.”

எனக்குத் தோழி என்று ஒருத்தி இருந்தாள் என்றால் அவள்தான். மார்ச் மாதம் ஒரு காலையில், கம்பெனி பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றவள்மேல் ஒரு கன்டெய்னர் விழுந்தது. வளைவில் எதிரே வந்த வேனுக்காக ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார் டிரைவர். பெட்டி மட்டும் விழுந்தது. ஜீவானந்தம் சொன்னபடியேதான் நடந்தது.

டிரைவர் பெயர் காசிராஜன். எங்கள் யார்டு ஆள்தான். கேபினைத் திறந்து இறங்கி நடந்து வந்தார். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது சாலையோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைகூடக் கசங்கவில்லை. நான் அழவில்லை. அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு ஏன் போடவில்லை என்று போலீஸ் கேட்டதற்கு, “மறந்துட்டேன்” என்று ஒரே வார்த்தை சொன்னாராம். நல்ல வார்த்தை. ஒரு பெண்ணின் இருபத்திரண்டு வருஷத்துக்கு ஈடாக.

இரண்டு மாதத்தில் ஜாமீனில் வந்து திரும்பவும் வண்டி எடுத்தார். ஜீவானந்தத்துக்கு டிரைவர் பஞ்சம். “இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, நீ வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்” என்ற எச்சரிக்கையோடு சாவியைக் கொடுத்தார். முதல் நாள் பாஸ் வாங்க வந்தபோது காசிராஜன் கூண்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார்.

“மேடம், அந்தப் புள்ள ஒங்க வீட்டுல இருந்த புள்ளயாமே.”

“ஆமா.”

ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். பாஸைக் கிழித்துக் கொடுத்தேன்.

அவரைப் பற்றி மற்ற டிரைவர்கள் சொல்லி எனக்கு ஒன்று தெரியும். அவருடைய அண்ணனும் டிரைவர். தூத்துக்குடி ரோட்டில் நாலு பூட்டும் போட்ட வண்டியோடு சாய்ந்து, கேபினுக்குள்ளேயே உயிர் போனவர். ஒரு மனிதன் எதற்குப் பயப்படுகிறான் என்று தெரிந்துவிட்டால் மிச்சம் வெறும் மெக்கானிக்கல்தான். நான் அதில் முதல் வகுப்பு.

அவசரப்படவில்லை. ஐந்து வாரம் காத்திருந்தேன். வடக்கிலிருந்து ஒரு பிரஸ் மெஷின் வந்தது. ஆளுயரம்போல் இரண்டு பங்கு, கனமெல்லாம் தலையில், கால் குறுகல். மேல்மூடி இல்லாத கன்டெய்னரில் நிறுத்தியிருந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்து லோ-பெட்டில் ஏற்ற வேண்டிய சரக்கு. யார்டில் லோ-பெட் சும்மாதான் நின்றது. வண்டி வகை என்ற கட்டத்தில் ஸ்கெலிட்டன் என்று எழுதினேன். ஜீவானந்தம் பார்த்தார். “அப்போ லோ-பெட்ட வேற வாடகைக்கு வுட்டுக்கலாமா?” என்றார். விட்டுக்கொள்ளலாம் என்றேன். அவ்வளவுதான் அவருடைய பங்கு. அவரைக் குற்றம் சொல்வது அவருக்கு மரியாதை செய்வதாகும்.

நாளாக ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மதியம், கம்பெனி பஸ் ஒன்றும் ஓடாத நேரம். வேறு யார்மேலும் விழக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். என்னை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், பொறுப்பில்லாதவள் என்று மட்டும் சொல்ல முடியாது. வழியாக ஏரிக்கரைச் சாலையைக் குறித்தேன். அங்கே திருப்பத்தில் சாலை ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறது. அதைப் பற்றிப் புகார் எழுதியதே நான்தான். எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதினேன்.

காசிராஜன் சரக்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மேடம், இது லோ-பெட் லோடுல்லா. இம்புட்டு ஒசரத்த இதுல ஏத்துனா ஆடும்லா.”

“லோ-பெட் ரிப்பேர் அண்ணே. மெதுவா போங்க.”

மெதுவாகப் போகச் சொன்னேன் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு, சொல்லக் கூடாத அந்த வாக்கியத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

“என்ன மேடம், இன்னைக்குப் போயி. முன்னாடி ரெண்டு போடுதேன். பின்னாடி ரெண்ட மட்டும் விட்டுருங்க. எங்கண்ணன் கதை கேள்விப்பட்டிருப்பீங்க.”

“ரூல் அண்ணே. எனக்கும் வேல போயிடும்.”

நாலு பூட்டையும் அவரே திருகினார். கன்டெய்னர் கதவுக்குப் போடுகிற எண் போட்ட கம்பி சீல்களை எடுத்துப்போய் நாலு பூட்டின் கைப்பிடியிலும் மாட்டினேன். வழியில் அறுத்தால் இறக்குமிடத்தில் தெரியும், தெரிந்தால் கம்ப்ளெயின்ட், கம்ப்ளெயின்ட் வந்தால் வேலை இல்லை. அவருக்கு இரண்டு பெண்கள், பெரியவள் பத்தாவது. யோசித்துப் பார்த்துவிட்டு ஏறினார்.

“வாறேன் மேடம்,” என்றார்.

பாஸில் நாலு டிக் அடித்தேன். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் பூட்டைப் பார்த்து உண்மையாக அடித்த நாலு டிக் அவைதான்.

கூண்டில் ஒரு திரை இருக்கிறது. எந்த வண்டி எங்கே, எவ்வளவு வேகம் என்று காட்டும். காசிராஜன் முப்பத்தொன்றுக்கு மேல் போகவே இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். ஏரிக்கரைத் திருப்பத்தில் புள்ளி நின்றது. பத்து நிமிஷம் நின்றால் டிரைவருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் விதிமுறை. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பத்து நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் என்று டாக்டர் ஒருவர் ஆரம்பித்தாராம். டாக்டர்களுக்கு எங்கள் விதிமுறை தெரியாது.

பத்தாம் நாள் என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஜோயல் என்று ஒருவர் வந்திருந்தார். மேசையில் சமோசா. ஜீவானந்தம் இத்தனை நாளில் இல்லாத மரியாதையோடு எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். நாலு பூட்டும் போட்டு, சீலும் வைத்து அனுப்பிய ஒரே யார்டு எங்களுடையதாம். மேலிடத்தில் பேச்சு வந்திருக்கிறதாம். மூன்று யார்டுக்கும் சேர்த்து என்னைப் பாதுகாப்பு அதிகாரியாகப் போடப்போகிறார்களாம். போட்டோ கேட்டார்.

அறிக்கை தயாராக இருந்தது. விபத்துக்குக் காரணம்: ஓட்டுநரின் அதிவேகம். கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“முப்பத்தொண்ணு அதிவேகமா சார்?” என்று கேட்டேன்.

“செத்தவன் வந்து இல்லன்னா சொல்லப்போறான்? போடும்மா,” என்றார் ஜீவானந்தம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் யோசித்து, அளந்து, ஐந்து வாரம் காத்திருந்து செய்த காரியத்தை இன்னொருவர் பெயரில் எழுதுகிறார்கள். அந்த ஆளின் பெண்கள் நாளைக்கு இதைப் படிப்பார்கள். அப்பா கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று நம்புவார்கள். அவர் ஒழுங்காக ஓட்டினார். ஒழுங்காக ஓட்டினாலும் சாயும்படி அனுப்பியது நான். லோ-பெட் ரிப்பேர் இல்லை என்பதிலிருந்து பத்து நிமிஷம் வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். ஜோயல் பேனாவை மூடிவிட்டார்.

“மேடம், என் ஃபாரத்துல ஒரே ஒரு கேள்விதான். லாக் போட்டிருந்துச்சா?”

“போட்டிருந்தது.”

“அவ்ளோதான் மேடம். மத்தத நான் கேக்கல.” ஒரு சமோசாவை எடுத்துக்கொண்டு, போன் பேசவேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். ஜீவானந்தம் கத்தவில்லை. கதவருகே போய் நின்றுகொண்டார்.

“போ. யாரு தடுத்தது? ஆனா மார்ச்சு மாசத்து கேமராவையும் சேத்துல்ல கேப்பாங்க.”

“அதுல இன்னா கீது?” என்றேன்.

“உனக்குத் தெரியாதா கலைமதி? காசி ஒருத்தன்தான் இந்த யார்டுல லாக்கு போட்டுகினு போறவன். பஸ் ஸ்டாப்பு கூட்டம் தாண்டுற வரைக்கும் பூட்டிகினு போவான், ரோடு காலியானதும் இறங்கித் தொறந்துப்பான். அன்னிக்கும் பூட்டத்தான் கேபின்லேந்து இறங்கினான். நீ கூண்டுலேந்து கைய ஆட்டி ஏறு ஏறுன்ன. திரும்ப இறங்கினான். திரும்பவும் ஆட்டின. ஏறிப் போயிட்டான். மறந்துட்டேன்னு ஸ்டேஷன்ல சொன்னானே, யாருக்காவ சொன்னான்னு நினைச்ச? அத நான் ரெண்டு தபா போட்டுப் பாத்தேன்.”

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அன்று காலை காசிராஜன் வண்டிக்குப் பின்னால் பதினோரு வண்டி நின்றது, அத்தனையும் ஹாரன். எட்டு மணிக்குள் வெளியே அனுப்பாவிட்டால் யார் பதில் சொல்வது? நானும் அன்று ஜன்னல் வழியாக அவர் குனிவதைப் பார்த்தேன். கையைக் காட்டினேன். யோசிக்க அதில் எதுவும் இல்லை.

ஜீவானந்தம் வழி விட்டார். படியிறங்கி, யார்டைத் தாண்டி, கேட்டை விட்டு வெளியே வந்தேன். என்ன சொல்வது என்பதை நாற்காலியிலிருந்து எழும்போதே முடிவு செய்திருந்தேன்; வெயிலில் நடக்கும்போது மாற்றிக்கொள்ள எந்தக் காரணமும் தோன்றவில்லை. காசிராஜனைக் கொன்றது நான். அதை ஒன்று விடாமல், என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுப்பேன். சந்தனமாரியைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அன்று நான் செய்தது கொலை இல்லை, வேலை.