மூன்று அடி என்று சொன்ன மீன்

உங்கள் அறைக் கதவில் இருக்கும் பெயர்ப் பலகையின் வலது ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மேடம். ஒட்டியவர் சரியாகத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறார். வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக இதே வேலை, கண் தானாக அங்கே போய்விடுகிறது.

எங்கள் பெயர்ப் பலகைப் பட்டறையில் பிளாஸ்டிக் தகட்டை மெஷின் வடிவமாக வெட்டித் தரும். பல், செருப்பு, கோப்பை, எது வேண்டுமானாலும். மேலே வரவேண்டிய படம் வினைல் என்கிற ஒட்டுத்தாளில் தனியாக அச்சாகி வரும். இரண்டையும் சேர்ப்பது நான். தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, வினைலின் பின்தாளை உரித்துப் படுக்கவைக்க வேண்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்துத் தண்ணீரையும் காற்றையும் துரத்த வேண்டும். பிறகு வடிவத்தின் விளிம்போடு பிளேடை ஓட்ட வேண்டும். பிளேடு ஒரு நூல் உள்ளே போனால் தகடு தெரியும், ஒரு நூல் வெளியே வந்தால் பிசிறு தொங்கும். கேட்கச் சாதாரண வேலைதான். ஆனால் என் மேசையிலிருந்து ஒரு பலகைகூட திரும்பி வந்ததில்லை. முதலாளியைக் கேளுங்கள், சொல்வார்.

எதிர் மேசையில் சிட்டு. பெயர் வேறு, நாங்கள் கூப்பிடுவது அப்படி. பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தோம். "பல் டாக்டர் போர்டுல ஒரு குமிழி விட்டோம்னா சொத்தைப் பல்லாயிடும் அக்கா" என்று சொல்லி அவளே சிரிப்பாள். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளும் சோறு கட்டிக்கொண்டு வந்தவள் அவள். என் சொந்தத் தங்கை போனில் விசாரித்ததோடு சரி. அதனால்தான் அவளிடம் சொன்னேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை. வரும், போகும். கை கழுவும் இடத்தில் வைத்து அவளிடம் மட்டும் சொன்னேன்.

"யார்கிட்டயும் வாயத் திறந்துடாதடி."

"சத்தியமா மாட்டேன் அக்கா."

அதன் பிறகு ஐந்து வாரம், நான் தேய்ப்பேன், யாரும் பார்க்காதபோது விளிம்பை அவள் வெட்டிக் கொடுப்பாள். என் உயிரையே அவள் கையில் கொடுத்துவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். "உடம்பப் பாத்துக்கங்கம்மா. இனிமே பேக்கிங் பக்கம் வந்துடுங்க. உட்கார்ந்த வேலை, சம்பளம் அதேதான்." திரும்பி வந்தபோது சிட்டு என் மேசையில் நின்றுகொண்டிருந்தாள். நான் துணி சுற்றி வைத்திருந்த பிளேடு அவள் கையில்.

"சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் அழுதுவிட்டாள். "வெள்ளிக்கிழமை நீயே வெட்டினப்போ பிளேடு உன் மணிக்கட்டுப் பக்கமா வழுக்குச்சு அக்கா. நீ கவனிக்கல. நான் பாத்தேன். பாத்துட்டு எப்படி சும்மா இருக்கிறது? வேலைய விட்டு மட்டும் அனுப்பிடாதீங்கன்னு கெஞ்சித்தான் சொன்னேன்."

நான் பேக்கிங் பக்கம் போய்விட்டேன். சண்டை போட்டிருந்தால் அவளுக்கு மனசு ஆறியிருக்கும். தினமும் காலையில் "சாப்பிட்டியா அக்கா" என்று கேட்பாள். "ஆச்சு" என்பேன். அவள் ஒட்டிய பலகைகளுக்கு நுரைத்தாள் சுற்றி, நான் அட்டைப்பெட்டியில் வைப்பேன். ஒவ்வொன்றின் பின்னாலும் மார்க்கரில் அவள் பெயரின் முதல் எழுத்து இருக்கும். அந்த இடத்தில் என் எழுத்து இருந்த காலம் உண்டு.

மீன் வடிவப் பலகைகள் போன மாதம் வந்தன. புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பின் நீச்சல் குளத்துக்கு நான்கு மீன்கள். வெட்டிய வடிவம் நான்குக்கும் ஒன்றே, ஒட்டும் படம்தான் வேறு. ஆழமில்லாத பக்கத்துக்கு மஞ்சள் மீன் இரண்டு, வயிற்றில் "3 அடி". ஆழமான பக்கத்துக்குச் சிவப்பு மீன் இரண்டு, "9 அடி". எது எந்தச் சுவருக்கு என்று பின்பக்கம் எண் போட்டிருக்கும். மாட்டுகிறவர் அந்த எண்ணைப் பார்த்து மாட்டுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். ஒட்டும்போது வீணாகிவிட்டால் உதவும் என்று அச்சு எப்போதும் ஒரு செட் கூடுதலாக வரும். அந்த நான்கு படங்களும் அலமாரியில் சுருட்டி இருந்தன.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் நான்கு மீன்களையும் என் பழைய மேசைக்கு எடுத்துப்போனேன். சூட்டுக்காற்று காட்டி, அவள் ஒட்டியதை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். பசை மிச்சமில்லாமல் துடைத்தேன். சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சள், மஞ்சள் இருந்த இடத்தில் சிவப்பு. முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் கை சொன்னபடி கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான்கு மீன், ஒரு குமிழி இல்லை. பின்பக்கம் அவள் எழுத்தும் எண்ணும் அப்படியே இருந்தன.

முதலில் நினைத்தது இவ்வளவுதான். மாட்டுகிறவர் கவனித்துத் திருப்பி அனுப்புவார். முதலாளி சிட்டுவை நாலு பேர் முன்னால் நிற்கவைத்துக் கேட்பார். அவளுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் தெரியட்டும். இதில் நியாயமில்லாதது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மாட்டியவர் கவனிக்கவில்லை. திறப்பு விழாவுக்கு, வேலை செய்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். சிட்டு வரவில்லை, அவசர வேலை ஒன்று அவள் மேசையில் இருந்தது. நான் போனேன். மஞ்சள் மீன்கள் ஆழமான பக்கத்துச் சுவரில் இருந்தன. குளத்தின் தரை முழுவதும் ஒரே நீல ஓடு, மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. காவலுக்கு இருந்தவர் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர். குடியிருப்பின் செயலாளர், மேற்பார்வையாளர், பெயின்ட் அடித்தவர் என்று எத்தனையோ பேர் மீன்களைத் தாண்டிப் போனார்கள். "எவ்வளவு அழகா ஒட்டியிருக்காங்க" என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

நான் மஞ்சள் மீனுக்கு எட்டடி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போலக் கழிந்திருக்கும். ஒருவர் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். தையல்காரர் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தப் பிள்ளை அவர் முடியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, உனக்குத்தான் நீச்சல் தெரியாதே" என்றது.

அவர் மீனைப் பார்த்துப் படித்தார். "மூணு அடிதான் பாப்பா. அப்பாவுக்கு இடுப்பு வரைக்கும்தான் வரும்."

எழுத்து தூரத்திலிருந்தும் தெளிவாகப் படிக்க வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் கேட்கப்போவது புரிகிறது. ஆமாம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல நேரம் இருந்தது. அவர் சட்டையைக் கழற்றி நான்காக மடித்து, நான் இருந்த பெஞ்சிலேயே வைத்தார். "கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அப்போது சொல்லியிருந்தால் மீன்களை அங்கேயே கழற்றியிருப்பார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். எழுத்துப் பிழை மாதிரி போயிருக்கும்.

அவர் பிள்ளையோடு தண்ணீரில் இறங்கினார். ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்ட பிள்ளையை மேலே இழுத்துவிட்டார்கள். அவரை எடுக்க ஆறு நிமிடம் ஆனது, உயிர் இல்லை. அதுவரை சட்டையை என் மடியில் வைத்திருந்தேன்.

பின்பக்கத்து எழுத்தைப் பார்த்து, அன்று சாயங்காலமே சிட்டுவைப் போலீஸார் அழைத்துப்போனார்கள். அதுவரை எல்லாம் நேராகத்தான் இருந்தது. நேற்று முதலாளி வந்து, அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று சொன்னார். "நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார். அவள் சொன்னாளாம்: "மீனக் காட்டினப்போ விளிம்பு வெட்டினதப் பாத்ததுமே அக்கா கைன்னு தெரிஞ்சிருச்சு சார். பழைய மேசையில உட்காரணும்னு ஆசைப்பட்டு எடுத்திருக்கும். கை நடுக்கத்துல எதுக்கு எதுன்னு குழம்பியிருக்கும். பாவம், அதுக்கு யாரு இருக்கா? நானே இருந்துட்டுப் போறேன்."

கேட்டீர்களா, மேடம். எதிரில் உட்கார்ந்து பதினோரு வருடம் என் வேலையைப் பார்த்தவள், நான் குழம்பிவிட்டேன் என்கிறாள். முதல் தடவை என் கையைப் பற்றி முதலாளியிடம் மட்டும் சொன்னாள். இப்போது காவல் நிலையம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். காலையில் குளித்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

உள்ளே வரும்போது கம்பிக்குப் பின்னால் அவளைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். "நீ எதுக்கு அக்கா வந்தே, வீட்டுக்குப் போ" என்றாள். நோயாளியிடம் பேசுகிற குரல்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு மீன்களையும் மாற்றி ஒட்டியது நான். குழப்பத்தில் இல்லை, தெரிந்தே ஒட்டினேன். அந்த மனிதர் படித்தபோது தெரிந்தே சும்மா இருந்தேன். அவருக்காக வருத்தப்படுகிறேன், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் தாளில் எங்கேயும் சிட்டுவின் பெயர் வரக்கூடாது. நான் செய்த வேலைக்கு இன்னொருத்தி பெயர் போட்டுக்கொள்ள இனிமேல் விடமாட்டேன்.