நாற்பத்தொரு குழாய்கள், பதினேழு கடற்பசுக்கள்

என் மீதான புகாரில் என் பெயரும் விலாசமும் சரியாக உள்ளன. வயது தவறு. எழுபத்திரண்டு அல்ல, எழுபத்து நான்கு. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடல் ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மாதிரிக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போதும் அவர்கள் கேட்டுக்கொண்டதால் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். இன்று காலை பத்து மணிக்கு, யாரும் கூப்பிடாமல், நானே பேருந்தில் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

என் கணவர் அதே ஆய்வகத்தின் படகோட்டி. எங்கள் வளைகுடாவில் மேயும் கடற்பசு மூச்சுவிட மேலே வரும்போது, நீண்ட கழியின் நுனியில் கட்டிய தூரிகையால் அதன் முதுகை உரசிச் சிறிது தோல் எடுப்பார். அதை நான் ஸ்பிரிட் ஊற்றிய குழாயில் போட்டு, தேதி, இடம், உடம்பில் உள்ள தழும்பு ஆகியவற்றைச் சீட்டில் பென்சிலால் எழுதி, அந்தச் சீட்டையும் உள்ளேயே போடுவேன். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பென்சில் கரையாது. பன்னிரண்டு ஆண்டுகளில் நாற்பத்தொரு குழாய்கள் சேர்ந்தன.

அதன் பிறகு சென்ற ஆண்டு, ஒவ்வொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் தோலை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். நாற்பத்தொரு குழாய்களிலும் இருப்பது பதினேழே விலங்குகளின் தோல் என்று முடிவு வந்தது. ஒரே விலங்கை வெவ்வேறு நாளில் உரசியிருக்கிறோம், அவ்வளவுதான். அந்தப் பதினேழும் வேறெந்தக் கடலிலும் காணாத வம்சம் என்றும், நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போடுகின்றன என்றும் அதே முடிவில் இருந்தது. விதிப்படி, எண்ணிக்கை முப்பதுக்குக் குறைந்தால், அவை மேயும் கடற்புல்லைத் தோண்டி, அங்கே திட்டமிட்டுள்ள கப்பல் கால்வாயை அமைக்க அனுமதி கிடையாது.

அதன் பிறகு ஆய்வக இயக்குநர், கடற்பசுக்கள் நாற்பத்தொன்று என்று அறிக்கை எழுதினார். அவர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"மேடம், நீங்க அந்தக் காலத்துல பென்சில்ல கிறுக்கி வச்சதுல குழாய் மாறிப்போச்சு. அதான் ஒரே மாதிரி வருது" என்றார்.

"கிறுக்கினதுல ஒன்னே ஒன்னு காட்டுங்க, பார்க்கலாம்" என்றேன்.

காட்டவில்லை. கெட்டுப்போன மாதிரிகள் என்று சொல்லி, நாற்பத்தொன்றையும் வெள்ளிக்கிழமை எரித்துவிட உத்தரவு போட்டார். எரித்துவிட்டால் மறுசோதனைக்கு எதுவும் மிஞ்சாது.

என் கையெழுத்து கான்வென்ட்டில் விரல் முட்டியில் அடி வாங்கி வந்தது. இருபத்து மூன்றாம் குழாயின் சீட்டில் மட்டும் அது இல்லை. அன்று எனக்குக் காய்ச்சல். என் கணவர் எழுதினார்: "வாலில் பிறை போல வெட்டு. குட்டியும் கூட." அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்பதாம் குழாயில், நான் அதே வெட்டைக் குறித்திருக்கிறேன். சோதனையிலும் அவை ஒரே விலங்கு. மாறிப்போன குழாய்கள் இப்படிப் பொருந்தா.

அதன் பிறகு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, குழாய்களைப் பெட்டியோடு எடுத்து, வாசல் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வெளியேறினேன். காவலாளி கதவைத் திறந்து பிடித்தார். புகாரில் "இரகசியமாக" என்று இருப்பது பொய், பதிவேட்டைப் பார்க்கவும்.

வீட்டில் என் நாத்தனார், "அண்ணி, ஜெயில்ல யாரும் போர்வைய மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க மாட்டாங்க. உங்களுக்குத் தூக்கமே வராது" என்றாள்.

"மடிக்க வைப்பேன்" என்றேன்.

அதன் பிறகு நேற்று இயக்குநர் தொலைபேசியில், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. இன்றும் சம்மதமில்லை. வழக்கு நடக்கட்டும். பெட்டியை உங்கள் மேசை மேல் வைத்திருக்கிறேன். நான் திருடி என்றால் இது திருட்டுப் பொருள். நீதிமன்ற உத்தரவில்லாமல் இனி இதை யாரும் எரிக்க முடியாது. எண்ணிப் பார்த்து, முத்திரை வைத்து, ரசீது தரவும். ஐஸ் தேவையில்லை, வெயில் படாமல் வைத்தால் போதும். மறுசோதனையை நீதிபதியிடம் நானே கேட்டுக்கொள்வேன்.

எழுதியதை ஏட்டு படித்துக் காட்டினார். "தெரியாமல் எடுத்துவிட்டேன்" என்று ஓரிடத்தில் இருந்தது. அடிக்கச் சொன்னேன்.

"அம்மா, உங்க நல்லதுக்குத்தான் எழுதினேன்" என்றார்.

"நான் சொல்லாதத எழுதாதீங்க தம்பி" என்றேன்.

அடித்துவிட்டு, "தெரிந்தே எடுத்தேன்" என்று எழுதினார். இப்போது இதில் உள்ள எல்லாம் நான் சொன்னவை, நடந்தவை. அடித்த இடத்தின் பக்கத்தில் ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கையெழுத்திடுகிறேன்.