மூன்றாம் மாடி வளைவில் ஓர் அலுமாரி

மேடையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் மௌலவி அவர்களே! கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே! வீடமைப்புக் கந்தோரில் இருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே! கதிரையிலும், கதிரை போதாமல் படியிலும் அமர்ந்திருக்கும் எங்கள் தொடர்மாடி மக்களே! அனைவருக்கும் சலாமும் வணக்கமும்.

இந்த மண்டபத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதலில் பேசுபவர் நம் குடியிருப்பாளர் சங்கத் தலைவர், நம்மைவிட்டுப் பிரிந்த மர்ஹூம் தாஸிம் நானா அவர்கள். செயலாளராகிய இந்த யோகராஜ் ஓரமாக நின்று மைக் வயரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இன்று மைக் என் கையில் இருக்கிறது. நான் என்னத்தைப் பேசுவேன்?

எப்பேர்ப்பட்ட தலைவர் அவர்! மழைக்காலம் தொடங்குமுன் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர் போகும் ஓட்டையில் அடைத்த குப்பையைத் தன் கையாலேயே அள்ளியவர் யார்? தாஸிம் நானா! ஜன்னலால் குப்பைப் பையை வீசிய வீட்டுக்கு அதே பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியவர் யார்? தாஸிம் நானா! கணவன் செத்ததும் "வீட்டைக் காலி பண்ணு" என்று சொல்லப்பட்ட பெண்ணுக்காகக் கந்தோர் வாசலில் நாள் முழுக்கக் குந்தியிருந்தவர் யார்? அவரேதான்! "யோகராஜ், நம்மட பக்கம் சுத்தமா ஈந்தாத்தான் கந்தோர்ல போய் மேசயத் தட்டிப் பேச ஏலும்" என்பார். உரிமையும் பொறுப்பும் அவருக்கு ஒரே பேச்சுத்தான்.

அப்படிப்பட்டவர் எப்படிப் போனார் என்பதைச் சொல்லாமல் நான் இறங்கினால், அது இரங்கல் உரை ஆகாது.

மூன்றாம் மாடி ஜெயராணியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பல்லேகலவில் தையல் வேலைக்குப் போகிறவள், பிள்ளையோடு தனியாக இருக்கிறவள். மழைத்தண்ணீர் இறங்கும் பைப்பு அவள் வீட்டுச் சுவருக்குள் வெடித்தது. சுவருக்குள் இருக்கும் பைப்பு கந்தோரின் பொறுப்பு. நாம் சுவரை உடைத்தால் குற்றம். கந்தோருக்குச் சொன்னோம், பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் துஷானியின் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் பூஞ்சணம் பிடித்த அன்று, அந்தச் சுவரோரம் நின்ற அலுமாரியைத் தள்ளிவைக்க உள்ளே வேறு இடம் இல்லை, வெளியே எடுப்போம் என்று சொன்னவர் தாஸிம் நானா.

"படியில சாமான் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே நானா சொல்லுவீங்க?" என்று கேட்டாள் ஜெயராணி.

"நான்தான் சென்ன. இது ரெண்டு கெழமைக்குத்தானே தங்கச்சி. பைப்ப செஞ்ச ஒடனே உள்ளுக்கு எடுப்போம்."

ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அவள் பிடித்தாள். படி திரும்பும் வளைவில் அலுமாரி வந்து நின்றது. அந்த இரண்டு கிழமை இரண்டு வருஷத்தையும் தாண்டிவிட்டது. நான்காம் மாடிக்காரரான அவர் தினமும் வயிற்றை எக்கிக்கொண்டு அதைத் தாண்டுவார். "மெலிஞ்சா எனக்குத்தானே நல்லம்" என்று சிரிப்பார்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் விழுந்த அன்று அம்பியூலன்ஸ் உடனே வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடத்தி இறக்கினார்கள். மூன்றாம் மாடி வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை! அலுமாரியை உள்ளே தள்ளலாம் என்றால் ஜெயராணி வேலைக்குப் போயிருந்தாள், கதவு பூட்டு. திரும்ப மேலே கொண்டுபோய், ஒரு கதிரையில் இருத்தி, துணியால் கட்டி இறக்கினோம். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றுவிட்டது. முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டர் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை யாரிடம் கொண்டுபோய்க் கேட்பது?

யாரைக் குற்றம் சொல்வேன்? மேடையில் இருக்கும் அதிகாரி ஐயா போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். அவரைக் கோபிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஜெயராணியையா? அவள் இன்று இறங்கி வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவளோடு பேச்சை நிறுத்தியவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அலுமாரியை வெளியே வைக்கச் சொன்னவரையா? அவரைத்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறோமே!

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பதுதான் முறை. சொல்கிறேன். திங்கட்கிழமை கந்தோருக்குப் போவேன், அடுத்த திங்களும் போவேன். பைப்பைச் செய்துவிடுவார்கள் என்று சொல்ல மட்டும் எனக்குத் தைரியம் இல்லை. சும்மா சொன்னால் அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

அவர் உடலை, ஜனாஸாவை, வீட்டுக்கு ஏற்றி இறக்குவதற்காக அந்த அலுமாரியை ஜெயராணியின் வீட்டுக்குள் தூக்கி வைத்தோம். அடக்கம் முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாடியில் அவள் வாசலில் நின்றாள். சுவரால் தண்ணீர் வழிகிறது, அலுமாரி நனைகிறது.

முதலில் உள்ளே போனவர், இதோ முன்வரிசையில் இருக்கும் ஷப்ராஸ், தாஸிம் நானாவின் ஒரே மகன். "புடிங்க அங்கிள். வாப்பா ஈந்தாலும் இதத்தான் செய்வாங்க" என்றார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். அதே வளைவில், அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தோம்.

இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. கூட்டம் முடிந்து மேலே போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு போங்கள். போகிற வழியில் அந்தக் கதவைத் தட்டி, அவளோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.