மூணு பூட்டு உண்டியல்

கைதட்டினது போதும்யா. இந்தக் கையெல்லாம் நாளைக்கு எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும்? நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு ஒரு சின்னச் சங்கதி சொல்றேன்... காதுல வாங்கிட்டு அப்புறமா என்னைத் திட்டுங்க.

பாறைக்குறிச்சின்னு ஒரு ஊரு. ஊருக்கு மேற்கால ஒரு தோப்பு. அம்பது இலுப்பை மரம். யாரு வச்சதுன்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, அவ்வளவு பழசு. இடம் மட்டும் வெளியூர்க்காரர் ஒருத்தர் பட்டாவுல இருக்கு. மரத்துக்கு அடியில என்ன இருக்கு? பாறை. பாறை இருந்தா யாரு வருவா? குவாரிக்காரன் வருவான். வந்துட்டான்.

ஊர் கூடுச்சு. "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இடத்தை நாமளே வாங்கிருவோம்"னு சொன்னது செண்பகவடிவு. இலுப்பைக்கொட்டை பொறுக்கி, எண்ணெய் ஆட்டி வித்தே ரெண்டு பொண்ணுங்களை நர்சுக்குப் படிக்க வச்சவ. தோப்பு போனா அவ பொழப்பும் போச்சு. அவளே வீடு வீடா வசூலுக்குக் கிளம்பினா.

அங்க ஆரம்பிச்சது பாருங்க...

தவமணின்னு ஒருத்தர். ரெண்டு டிப்பர் லாரி வச்சிருக்கார். டீக்கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா... செண்பகவடிவு வீட்டுல நேத்து புது மிக்ஸி பார்த்தேன்" அப்படின்னார். அவ்வளவுதான். சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டார். அந்த மிக்ஸி மூத்த மக முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது. யாராவது போய்க் கேட்டாங்களா? கேக்கலை. கேட்டா சந்தேகம் தீர்ந்துருமே.

பேங்குல போடுவோம்னாங்க. யார் பேர்ல போடுறது? மேலத்தெருக்காரர் பேர் சொன்னா கீழத்தெரு முறைக்குது. கீழத்தெருக்காரர் பேர் சொன்னா நடுத்தெரு எந்திரிச்சுப் போகுது. கடைசியில தவமணியே வழி சொன்னார். "கோயில் உண்டியல் மாதிரி செய்வோம். மூணு பூட்டு. தெருவுக்கு ஒரு சாவி. மூணு பேரும் வந்தாத்தான் திறக்கணும்." ஊரே தலையை ஆட்டுச்சு. நடுத்தெரு சாவி செண்பகவடிவுகிட்ட. கீழத்தெரு சாவி மாடசாமிகிட்ட. மேலத்தெரு சாவி? தவமணிகிட்டயே.

உண்டியல் நிறைஞ்சது. இடத்துக்காரர் சொல்லிட்டார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அட்வான்ஸ் வந்தா இடம் உங்களுக்கு. இல்லேன்னா குவாரிக்காரருக்கு எழுதிருவேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம்... கோயில் வாசல்ல ஊரே நிக்குது. ரெண்டு சாவி வந்துருச்சு. மூணாவது சாவி எங்க?

"அவரு துட்டிக்குப் போயிருக்காரு."

சாவு வீட்டுக்குப் போனவனைக் குத்தம் சொல்ல முடியுமா? முடியாதுல்ல? போன் போட்டா எடுக்கலை. மணி ரெண்டரை. மாடசாமி ஒரு கடப்பாரையைக் கொண்டாந்து நிறுத்தினார்.

"செண்பகவடிவு, நீ உடைம்மா."

"நான் உடைச்சா, உள்ள இன்னும் இருந்துச்சேன்னு நாளைக்குக் கேப்பீங்க. நீங்க உடைங்கண்ணே."

"நானா? கீழத்தெருக்காரன் உண்டியலை உடைச்சான்னு பேர் வாங்கவா?"

எல்லாரும் நிக்கிறாங்க. எல்லார் கண்ணு முன்னால உடைச்சு, எல்லார் கண்ணு முன்னால எண்ணினா முடிஞ்சது. ஆனா ஒருத்தன் கையும் போகலை. கடப்பாரை கை மாறுது, கை மாறுது, மறுபடியும் சுவத்துல சாஞ்சு நிக்குது. மூணு மணி... மூணரை... நாலு மணிக்கு இடத்துக்காரர்கிட்டேர்ந்து போன் வந்துச்சு. "எழுதிட்டேன்"னார்.

மறுநாள் காலையில தவமணி சாவியோட வந்தார். திறந்தாங்க. ஒத்த ரூபா குறையலை. அவங்கவங்க போட்டதை அவங்கவங்க வாங்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. பத்தே நாள்ல அம்பது மரமும் தரையில கிடந்துச்சு. அங்கேர்ந்து கல்லு ஏத்திட்டுப் போன முதல் லாரி யாருது? என் வாயால சொல்லணுமா? அந்தத் துட்டி வீடு எந்த ஊர்லன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

போன மாசம் செண்பகவடிவைப் பார்த்தேன். "ஏம்மா, நீயாவது உடைச்சிருக்கலாமே?"ன்னு கேட்டேன். அவ சொன்னா...

"உடைச்சிருந்தா எனக்குத் திருடின்னு பேர் வந்திருக்கும், மரம் இருந்திருக்கும். இப்ப ஊர்ல எனக்கு ரொம்ப நல்ல பேருய்யா."

எனக்கு வயிறு எரிஞ்சது. உங்களுக்கு எரியுதா?

சந்தேகப்படாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். படுங்க. என் மேலயும் படுங்க. ஆனா வெயில்ல அலைஞ்சு வசூல் பண்றவ வீட்டு மிக்ஸியைப் பார்த்த ஊரு, எதிர்ல நின்ன டிப்பரை ஏன் பார்க்கலை? மரம் போனா யாருக்கு லாபமோ, அவன்கிட்டயே ஒரு சாவியைக் கொடுத்து வச்சிருந்துச்சு பாருங்க, அதுதான் அந்த ஊரு செஞ்ச தப்பு.

நம்ம மலையடி மருத மரங்க நிக்கிற இடத்துக்கு நாளன்னைக்கு அட்வான்ஸ் கட்டணும். நீங்க என்ன பண்றீங்க? வசூல் பொட்டிச் சாவி யார்கிட்ட இருக்கணும்னு நேத்துலேர்ந்து சண்டை போடுறீங்க. சரி, போடுங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன்...

அந்தச் சண்டையை முதல்ல ஆரம்பிச்சு வச்சது யாரு? பேர் சொல்ல வேண்டாம். இங்கதான் உக்கார்ந்திருக்கார். மெதுவா திரும்பிப் பாருங்க.